கம்பு பெரிதா, கை பெரிதா?

தன் பிள்ளைக்குச் செருப்பு வாங்கப் போன இடத்தில், அதைக் கடைக்காரருடைய காலில் மாட்டி அளவு பார்க்கும் தகப்பனார் உலகத்தில் எங்குமே இருக்க மாட்டார். அப்படி ஒருவர் இருந்தால் நாம் சிரிப்போம். ஆனால் சென்ற வருஷம் நான் ஏறக்குறைய அதே காரியத்தைச் செய்தேன். அதுவும் ஒரு பிள்ளைக்கு அல்ல; முப்பது பிள்ளைகளுக்கு. நேயர்கள் இஷ்டம்போல் சிரித்துவிட்டு மேலே படிக்கலாம்.

விஷயம் இதுதான். எங்கள் பள்ளிக்கூடத்தில் சிலம்பம் கற்பிப்பதென்று தீர்மானமாயிற்று. கள்ளக்குறிச்சிப் பக்கத்துப் பெற்றோரிடையே சில வருஷங்களாகச் சிலம்பத்தின்மேல் ஓர் அபிமானம் வளர்ந்திருக்கிறது. காரணம் இல்லாமல் இல்லை. அரசாங்க உத்தியோகங்களில் விளையாட்டு வீரர்களுக்கென்று ஒதுக்கும் 3 சதவிகிதத்தில் சிலம்பத்தையும் சேர்ப்பதாகத் தமிழக அரசு 2021-ஆம் ஆண்டில் அறிவித்தது. 2024-ஆம் ஆண்டு ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த 'கேலோ இந்தியா' இளைஞர் போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம் பெற்றது. "கம்பைச் சுற்றிக்கொண்டு ஊரைச் சுற்றாதே" என்று பிள்ளையை வைத பெரியவர்களே, இப்பொழுது "ஐயா, எங்கள் பையனையும் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று வாசலில் வந்து நிற்கிறார்கள். பழைய கலைக்கு நல்ல காலம் பிறந்தால் யார்தான் சந்தோஷப்பட மாட்டார்கள்?

நான் கணக்கு வாத்தியார். கணக்கு வாத்தியார் என்றால் கடையில் ஏமாற மாட்டான் என்று ஒரு நம்பிக்கை. ஆகையால் கம்பு வாங்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஆண்பிள்ளைகளுக்கென்று இருபது மூங்கில் கம்புகள், ஒவ்வொன்றும் ஐந்தரை அடி, எல்லாம் ஒரே பருமன். பெண்பிள்ளைகளுக்கென்று பத்துப் பிரம்புகள், மெல்லியவை, ஐந்தடி. இரண்டு கட்டுகளையும் வகுப்பறை மூலையில் சாத்தி வைத்தபோது அவை பட்டாளத்துச் சிப்பாய்களைப்போல் வரிசையாக நின்றன. எல்லாம் ஒரே அளவாக இருந்தால் கணக்கு வாத்தியாருக்கு உண்டாகும் ஆனந்தத்தை மற்றவர்கள் அறிய மாட்டார்கள்.

மூன்று வாரம் கழிந்தது. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன், மெலிந்த தேகம், கால்கள் மட்டும் மின்னல். காலடி வைப்பதில் அவனுக்கு ஈடு இல்லை. ஒரு நாள் மணிக்கட்டு வீங்கிப்போய் வந்து நின்றான். மறுநாள் அவனுடைய தாயார் வந்தார். "ஐயா, இவனுக்கு இது ஒத்துவராதுங்க. பேரை எடுத்துடுங்க" என்றார். பையன் ஒன்றும் பேசவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்தத் தலைகுனிவுதான் என்னைக் குத்தியது. 'நான் பலவீனன்' என்று அவன் தீர்மானித்துவிட்டான் என்பது அவன் பிடரியிலேயே எழுதியிருந்தது.

அதே சமயத்தில் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி. கரும்புத் தோட்டத்தில் தகப்பனாருக்கு ஒத்தாசையாக வேலை செய்து உரமேறிய கைகள். அவளிடம் இருந்த பிரம்பு, வீசும்போதெல்லாம் நாணலைப்போல் வளைந்து, அவள் நினைத்த இடத்துக்கு ஒரு கணம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. "என்ன அம்மா, குறி தவறுகிறதே?" என்று நான் கேட்டால், "கம்பு பின்னாலேயே நின்றுவிடுகிறது, ஐயா" என்பாள். நான் அதைச் சாக்குப்போக்கு என்று எண்ணினேன்.

எங்கள் ஆசான் கல்வராயன் மலையடிவாரத்தில், கச்சிராயபாளையம் பக்கத்தில் இருப்பவர். வாரத்துக்கு இரண்டு நாள் வருவார். இடையில் உடம்புக்கு வந்து இரண்டு வாரம் வரவில்லை. வந்தவர் என்னுடைய சிப்பாய் வரிசையை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பிள்ளைகளை ஒவ்வொருவராக அழைத்து, "மூணு வீச்சு வீசு, அப்பா" என்றார். அவர் கம்பைப் பார்க்கவே இல்லை. தோளையும் மணிக்கட்டையும்தான் பார்த்தார். மெலிந்த பையனுடைய கையிலிருந்த மூங்கிலை வாங்கி அந்தப் பெண்ணிடம் கொடுத்தார். அவளுடைய பிரம்பை வாங்கி அவனிடம் கொடுத்தார். "இப்போ வீசுங்க" என்றார்.

பெண்ணின் வீச்சில் காற்று கிழிபட்ட சப்தம் பள்ளிக்கூடத்துச் சுவரில் எதிரொலித்தது. பையனுடைய பிரம்போ கண்ணுக்குத் தெரியாத சக்கரமாகச் சுழன்றது. ஆசான் என்னைத் திரும்பிப் பார்த்து, "வாத்தியாரே! கை கம்பை இழுக்கணும்; கம்பு கையை இழுக்கக் கூடாது" என்றார். இருபத்திரண்டு வருஷமாகக் கணக்குப் போதிக்கும் நான், கரும்பலகைக்கு எதிரில் விடை தெரியாமல் நிற்கும் பையனைப்போல் நின்றேன்.

அன்று இரவு காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்தேன். வெட்கக்கேடான விஷயம் என்னவென்றால், விடை நான் கலாசாலையில் படித்த பாடத்திலேயே இருந்தது. பௌதிக நூலார் 'நிலைமத் திருப்புத்திறன்' என்கிறார்களே, அதுதான். ஒரு பொருளைச் சுழல வைப்பதும், சுழல்வதை நிறுத்துவதும் எவ்வளவு சிரமம் என்பதற்கு அது அளவு. ஒரே பருமனுள்ள கம்பின் நீளம் அதிகமானால் எடை அதே விகிதத்தில்தான் அதிகமாகும். ஆனால் சுழற்றும் சிரமமோ நீளத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பின்பற்றுகிறது. ஐந்தடிக் கம்பை ஐந்தரை அடியாக்கினால் எடை 10 சதவிகிதம் ஏறும். சுழற்றும் சிரமம் 33 சதவிகிதம் ஏறும். கம்பை நடுவில் பிடிக்காமல் நுனியில் பிடித்து நீட்டி வீசினாலோ, சிரமம் நான்கு மடங்கு. கம்பு ஓடிக்கொண்டிருக்கும்வரையில் மணிக்கட்டுக்கு அவ்வளவு தொந்தரவு இல்லை. ஓடுகிற கம்பை நிறுத்தித் திசை மாற்றும்போதுதான் அது வட்டியும் முதலுமாகக் கடனைத் தீர்க்கிறது. அந்தப் பையனுடைய வீக்கத்துக்குக் காரணம் இதுவே. வேகமாகத் திருப்பும் சுபாவமுள்ள கைக்கு, திரும்ப மறுக்கும் கம்பை நான் கொடுத்திருந்தேன்.

பருமனுக்கும் ஒரு கணக்கு உண்டு. கம்பின் குறுக்களவு பத்தில் ஒரு பங்கு கூடினால் எடை 21 சதவிகிதம் கூடும். வளையாமல் நிற்கும் விறைப்போ நான்மடிப் பெருக்கமாக ஏறி 46 சதவிகிதம் கூடிவிடும். கண்ணுக்கு இரண்டு கம்புகளும் ஒன்றுபோலத்தான் இருக்கும். கைக்கு அவை வேறு வேறு ஜாதி. பலத்துடன் வெடுக்கென்று வீசும் கையில் மெல்லிய கம்பு வளைந்து, முனை பின்தங்கிப்போகிறது. அந்தப் பெண் சொன்னது சாக்குப்போக்கு அல்ல. நல்ல பௌதிக சாஸ்திரம்.

இன்னும் ஒன்று. மூங்கிலும் பிரம்பும் சகோதரர்கள் என்று எண்ணியிருந்தேன். அப்படி இல்லை. மூங்கில் புல்லினத்தைச் சேர்ந்தது. பிரம்பு கொடியாகப் படரும் பனையினம். மூங்கில் உள்ளே பொள்ளல். அதன் நார்கள் வெளிப்புறத்தில்தான் நெருக்கமாக இருக்கின்றன. ஆகவே குறைந்த எடையில் நிறைந்த விறைப்பு. வழவழப்புக்காக மேல்தோலைச் சீவித் தள்ளுகிறவன் அதன் பலத்தையே சீவித் தள்ளுகிறான். பிரம்பு உள்ளும் புறமும் கெட்டி, வளையும், அடி பட்டால் மூங்கிலைப்போல் நெடுகப் பிளக்காமல் நார் நாராக உரியும்.

மூங்கிலின் வயதையும் பார்க்க வேண்டும். மூங்கில் முளைக்கும்போதே அதன் பருமன் நிர்ணயமாகிவிடுகிறது. சில மாதங்களில் முழு உயரத்தையும் எட்டிவிடும். அதன் பிறகு அது வளர்வதில்லை, முற்றுகிறது. அதற்கு மூன்று நான்கு வருஷம் வேண்டும். தடித்த இளமூங்கில் காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். நம் ஜில்லாவில் மூங்கில்துறைப்பட்டு என்று பெயரிலேயே மூங்கிலைச் சுமந்த ஊர் இருக்கிறது. அங்கே இப்பொழுது பிரசித்தமாயிருப்பது சர்க்கரை ஆலை. இருந்தாலும் இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் மூங்கிலைத் தட்டிப் பார்த்தே வயது சொல்லிவிடுகிறார்கள். நான் கடையில் தட்டிப் பார்த்தது என் சட்டைப் பையை மாத்திரம்.

இந்த ஆராய்ச்சியில் இறங்கியபோது, உலகத்தில் கம்பைப் பற்றி அதிகமாகக் கவலைப்படும் மனிதர்கள் யார் என்று ஒரு கேள்வி எழுந்தது. சந்தேகமில்லாமல் கோல்ப் விளையாட்டுக்காரர்கள்தாம். கல்வராயன் மலையில் கோல்ப் மைதானம் கிடையாது. கொடைக்கானலில் வெள்ளைக்காரர்கள் 1895-ஆம் ஆண்டிலேயே அதற்கு ஒரு சங்கம் ஏற்படுத்தினார்கள். கல்கத்தாவில் அதற்கும் முன்பே, 1829-இல். அந்நாளில் அந்த மைதானங்களில் நம்மவர்களுக்குக் கிடைத்த வேலை பெரும்பாலும் பையைச் சுமப்பதுதான். ஆனாலும் அந்த விளையாட்டுக்காரர்கள் மட்டையின் தண்டைப் பற்றித் தெரிந்துகொண்டதை நாம் தெரிந்துகொள்வதில் தோஷமில்லை.

அவர்களுடைய மட்டைக்கு முனையில் ஒரு தலை. மேலே ஒரு பிடி. இரண்டுக்கும் நடுவில் தண்டு. 1920-களின் நடுப்பகுதி வரையில் போட்டிகளில் அந்தத் தண்டு ஹிக்கரி என்னும் அமெரிக்க மரத்தினால் ஆனதாகவே இருந்தது. மரமாகையால் ஒன்றைப்போல் ஒன்று இராது. வளைவதோடு, முறுக்கியும் கொள்ளும். ஆகவே ஆட்டக்காரன் அவசரப்படாமல், தாளம் தவறாமல் வீச வேண்டியிருந்தது. எஃகுத் தண்டை அமெரிக்கச் சங்கம் 1924-இல் அனுமதித்தது. ஸ்காட்லாந்தின் ஸெயின்ட் ஆண்ட்ரூஸ் சங்கம் 1929 வரையில் யோசித்துவிட்டுத்தான் அனுமதித்தது. எஃகு முறுக்கிக்கொள்ளாது, ஆலையில் ஒரே அளவாகச் செய்யலாம். 1970-களிலிருந்து கரியிழைத் தண்டு வந்தது. தூரம் அடிக்கும் பெரிய மட்டைக்கு எஃகுத் தண்டு சுமார் 120 கிராம் என்றால், கரியிழைத் தண்டு 50 அல்லது 60 கிராமிலேயே முடிந்துவிடுகிறது.

இவ்வளவு வகை வந்த பிறகு எதை எடுப்பது என்ற குழப்பமும் வந்தது. தண்டின் விறைப்புக்கு ஐந்து எழுத்துக்களை அடையாளமாக வைத்தார்கள். எல், ஏ, ஆர், எஸ், எக்ஸ் என்று வரிசை. மட்டைத் தலையின் வேகம் மணிக்கு 75 மைலுக்குள் இருந்தால் எல், 75 முதல் 85 வரை ஏ, 85 முதல் 95 வரை ஆர், 95 முதல் 105 வரை எஸ், அதற்கு மேல் எக்ஸ் என்பது பொதுவான கணக்கு. ஆனால் இந்த எழுத்துக்களுக்கு எல்லோருக்கும் பொதுவான நிறுவை கிடையாது. ஒரு கம்பெனியின் ஆர் மற்றொரு கம்பெனியின் எஸ்ஸாக இருக்கலாம். வேகம் ஒன்று மட்டும் போதாது என்றும் அனுபவசாலிகள் சொல்கிறார்கள். இரண்டு பேருடைய வேகம் ஒன்றாகவே இருக்கலாம். ஒருவர் மேலே போன மட்டையை வெடுக்கென்று கீழே இழுக்கிறார்; மற்றவர் கிணற்றிலிருந்து நீர் இறைப்பவரைப்போல் நிதானமாகச் சேர்த்து இழுக்கிறார். முன்னவருக்குச் சற்றுக் கனத்த விறைத்த தண்டு. பின்னவருக்கு இலேசான நெகிழ்ந்த தண்டு. எங்கள் ஆசான் தோளையும் மணிக்கட்டையும் பார்த்தது எதற்கு என்று எனக்கு அப்பொழுதுதான் விளங்கிற்று.

ஆச்சரியம் என்னவென்றால், நான் செய்த பிழையையே சீமைக்காரர்களும் செய்கிறார்கள். எல் என்ற எழுத்துக்கு 'பெண்டிர்' என்று அர்த்தம் வைத்துவிட்டார்கள். ஆகவே வயதான கனவான்கள்கூட அந்தத் தண்டைத் தொடக் கூசுகிறார்கள். எக்ஸ் என்று எழுதிய தண்டை வாங்கிக்கொண்டு போய், பந்து ஏன் பறக்கவில்லை என்று விழிக்கிறார்கள். பந்தும் மட்டையும் தொட்டுக்கொண்டிருப்பது ஒரு விநாடியில் இரண்டாயிரத்தில் ஒரு பாகந்தான். அந்த இமைப்பொழுதில் தண்டு தன் பங்குக்குப் பெரிதாக ஒன்றும் சேர்த்துவிட முடியாது. கையிலுள்ள பலத்தைச் சிந்தாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதே அதன் உத்தியோகம். கையில் இல்லாததை எந்தத் தண்டும் கொடுக்காது; கையில் இருப்பதைப் பொருந்தாத தண்டு பாழாக்கிவிடும்.

பாபி ஜோன்ஸ் என்ற அமெரிக்கரைப் பற்றி ஒரு செய்தி சொல்வார்கள். அவர் 1930-ஆம் ஆண்டில், எஃகு வந்துவிட்ட பிறகும், ஹிக்கரி மட்டைகளைக் கொண்டே அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நான்கு பெரிய போட்டிகளை ஒரே வருஷத்தில் ஜயித்தவர். அந்த மட்டைகளை அவர் ஒவ்வொன்றாகக் கையில் ஆட்டிப் பார்த்தே சேர்த்து வைத்திருந்தார். பிற்காலத்தில் கருவிகளை வைத்துச் சோதித்தபோது, ஒன்றைத் தவிர மற்றவை எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தியிருந்தனவாம். பொருந்தாத அந்த ஒன்று, எப்பொழுதும் தமக்குத் தொல்லை கொடுத்த மட்டையே என்று அவர் ஒப்புக்கொண்டாராம். கருவி பிறகு கண்டுபிடித்ததைக் கை முன்பே சொல்லியிருக்கிறது!

நம்மவர்கள் பை சுமந்தார்கள் என்றேனே, அந்தக் கதையும் அங்கே முடிந்துவிடவில்லை. டில்லியில் பை சுமந்து வளர்ந்த அலி ஷேர், 1991-இல் இந்திய பகிரங்கப் போட்டியில் வெற்றி பெற்றார். அந்தக் கோப்பையை ஜயித்த முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அவர். 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காவதாக வந்த அதிதி அசோக், நெடுந்தூரம் அடிப்பதற்குப் பேர் போனவர் அல்லர். தம் கையின் அளவை அறிந்து ஆடுகிறவர்கள் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

இனி, பிள்ளைகளுக்குக் கம்பு வாங்கப் போகும் பெற்றோர்களுக்குச் சில வார்த்தை. நிமிர்ந்து நின்றால் நெற்றியை எட்டும் கம்பு என்பது பொதுவான வழக்கு, அதிலிருந்து ஆரம்பியுங்கள். வளர்கிற பிள்ளைதானே என்று ஒரு முழம் அதிகம் வைத்து வாங்காதீர்கள். சட்டையை அப்படி வாங்கலாம். கம்பை வாங்கக் கூடாது. கம்பை ஒரு விரலின்மேல் கிடத்தி, எந்த இடத்தில் சமனாக நிற்கிறதென்று பாருங்கள். மூங்கிலின் அடிப்பாகம் பருத்தும் நுனி சிறுத்தும் இருப்பதால், சமனான இடம் நடுமத்தியில் இராது. சுற்றும்போது அந்த இடத்தை ஒட்டியே பிடிக்கப் பழக வேண்டும். உடம்பைச் சுற்றி வேகமாகச் சுழற்றும் பிள்ளைக்கு இலேசான கம்பு; நீட்டி அடித்து, எதிரியின் அடியைத் தடுக்கும் பயிற்சிக்கு விறைப்பானது. பத்து நிமிஷம் வீசிய பிறகு முதல் வீச்சும் கடைசி வீச்சும் ஒரே மாதிரி இருந்தால் அந்தக் கம்பு அந்தக் கைக்கு உரியது. கடைசி வீச்சில் தோள் ஏறி, மணிக்கட்டு தொங்கினால், கடைக்காரர் எவ்வளவு நல்ல கம்பு என்று சொன்னாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மணிக்கட்டில் வீக்கம் கண்டால் கம்பை நிறுத்திவிட்டு வைத்தியரிடம் காட்டுங்கள்; பிள்ளையைக் கோழை என்று சொல்லாதீர்கள். முக்கியமாக, ஆண்பிள்ளைக் கம்பு, பெண்பிள்ளைக் கம்பு என்று இரண்டு கட்டாகக் கட்டாதீர்கள். அந்தப் பிழையை நான் ஒருவன் செய்தது போதும்.

எங்கள் பையன் வீக்கம் வடிந்த பிறகு திரும்பி வந்தான். தாயாரிடம் நானே போய் மன்னிப்புக் கேட்டேன். "கம்பு தப்புங்களா? நான் பையனைத்தான் தப்புன்னு நினைச்சுட்டேன்" என்றார் அந்த அம்மாள். நானும் அப்படித்தான் நினைத்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பையன் இப்பொழுது தலையை நிமிர்த்தித்தான் நிற்கிறான். அந்தப் பெண் என் மூங்கில் சிப்பாய்களில் ஒன்றைத் தனக்கென்று அடையாளம் செய்து வைத்துக்கொண்டிருக்கிறாள். வேறு யாரும் அதைத் தொட முடியாது.

இந்த ஆராய்ச்சி முழுவதையும் ஒரு நாள் வீட்டில் பெருமையாக எடுத்துச் சொன்னேன். மும்மடி, நான்மடி, ஹிக்கரி, எஃகு ஒன்றையும் விடவில்லை. என் மனைவி முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "இதற்கு இவ்வளவு காகிதமா செலவழித்தீர்கள்? நான் இந்த வீட்டுக்கு வந்த புதிதில் அத்தை என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, பெரிய உலக்கையை எடுத்து மூலையில் வைத்துச் சின்ன உலக்கையை எடுத்துக் கொடுத்தார்கள். ஒரு வருஷம் கழித்து அவர்களே பெரியதை எடுத்துக் கொடுத்தார்கள். அவர்கள் எந்தக் கலாசாலையில் படித்தார்கள்?" என்று கேட்டாள்.

அந்த உலக்கைகள் இரண்டும் இன்னும் எங்கள் வீட்டு மூலையில்தான் இருக்கின்றன. அவற்றைத் தினமும் பார்த்துக்கொண்டேதான் நான் கம்பு வாங்கப் போயிருக்கிறேன்!